இடைவிட்ட பார்வையாளரின் மறுகூறல்: தமிழ்த் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களும் வாய்வழிச் சான்றும் (திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் எல்லாப் பகுதிகளையும் தவறாது பார்த்தவரே அதனைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர் என்னும் கருத்து ஊடக ஆய்வில் இயல்பாக நிலவுகிறது. சில பகுதிகளைப் பார்த்தும் சிலவற்றைத் தவறவிட்டும், விடுபட்டதைப் பிறரிடம் கேட்டு நிரப்பிக்கொண்டும், கேட்டதைத் தாமும் பிறருக்குச் சொல்லியும் வந்த பார்வையாளரே 1990களில் பெரும்பான்மையினராக இருந்திருத்தல் கூடும். இவர்தம் மறுகூறலைத் தமிழ்க் கதைகூறல் மரபின் தொடர்ச்சியாகவும் தொலைக்காட்சி வரலாற்றுக்கான சான்றாகவும் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘மர்மதேசம்’ என்னும் பொதுத் தலைப்பில் வெளிவந்த தொடர்கள் இதற்கு முதன்மை எடுத்துக்காட்டாகின்றன.

திறவுச்சொற்கள்: மறுகூறல், துப்பறியும் தொடர், மர்மதேசம், பாரதக் கூத்து, வாய்வழி வரலாறு, திருவண்ணாமலை

முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்திலும் அதனை அடுத்த பத்தாண்டுகளிலும் தமிழ் இல்லங்களின் மாலைப்பொழுது பெரிதும் மாறியது. எந்த ஆண்டில் எந்த நிறுவனம் எத்தொடரைத் தயாரித்தது, யார் இயக்கினார், யார் நடித்தார் என்பன ஓரளவு பதிவாகியுள்ளன. அத்தொடர்களை மக்கள் எவ்வாறு பார்த்தனர், பார்த்ததை எவ்வாறு நினைவில் வைத்தனர், எவ்வாறு பிறருக்குக் கூறினர் என்பன பதிவாகவில்லை.

இவ்விடைவெளியே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. ‘இடைவிட்ட பார்வையாளர்’ என இங்குக் குறிக்கப்படுபவர், ஒரு தொடரைத் தொடர்ச்சியாகப் பார்க்க இயலாதவர். ஆயினும் அதன் கதையோடு தொடர்பை விடாதவர். ‘மறுகூறல்’ என்பது அவர் ஒரு பகுதியின் நிகழ்வுகளைச் சுருக்கித் தம் சொற்களில் மற்றொருவருக்குச் சொல்வதாகும். துப்பறியும் தொடரை இதற்கெனத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குடும்பத் தொடரில் இரு வாரங்களைத் தவறவிட்டவர் மூன்றாம் வாரம் எளிதில் சேர்ந்துகொள்ளலாம். துப்பறியும் தொடரில் ஒரே ஒரு தடயத்தைத் தவறவிட்டாலும் முடிவு விளங்காது. ஆகவே மறுகூறலின் தேவை இவ்வகையில் மிகுகிறது.

மறுகூறலின் தமிழ் மரபு

சொன்னதைத் தொகுத்துக் கூறுதலைத் தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகளுள் ஒன்றாக வைக்கிறது. இலக்கியத்தில் இதன் செறிவான வடிவத்தைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். காட்சிக் காதையில் மலைவாழ் குறவர் சேரன் செங்குட்டுவனிடம் தாம் கண்டதைக் கூறுகின்றனர். வேங்கை மரநிழலில் நின்ற ஒரு பெண்ணையும் அவள் விண்ணுலகு சென்றதையும் அவர்கள் கண்டனர். அவள் யாவள், எந்நாட்டினள் என்பதை அறியார். அங்கிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததைச் சொல்லி அவ்விடைவெளியை நிரப்புகிறார். நீர்ப்படைக் காதையில் மாடலன் கூற்றின்வழி மேலும் சில செய்திகள் வந்து சேர்கின்றன.

கதையின் இறுதிப் பகுதியை மட்டும் பார்த்தவர் ஒருவர், நடுப்பகுதியை அறிந்தவர் ஒருவர், பின்விளைவுகளை அறிந்தவர் ஒருவர் என மூவகைச் சாட்சியரின் கூற்றுகள் ஓர் அவையில் இணைக்கப்படுகின்றன. சிலம்பின் மையத்தில் ஒரு திருட்டுக் குற்றச்சாட்டும் தவறான தீர்ப்பும் உள்ளன என்பதையும் நினைத்தல் வேண்டும். குற்றம் பற்றிய கதை பல வாய்களின் மறுகூறலால் முழுமை பெறுவது தமிழுக்குப் புதிதன்று.

திருவண்ணாமலை வட்டாரத்தில் இம்மரபு நிகழ்த்துகலையாக வாழ்கிறது. செய்யாறு வட்டாரத்துப் புரிசை கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். வடதமிழகத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகற்பொழுதில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். இரவில் கூத்து நிகழும். படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவு செய்யும். பல நாள் நீளும் இவ்விழாவின் எல்லாப் பகுதிகளிலும் ஒருவர் இருத்தல் அரிது. வயல்வேலை, உறக்கம், அயலூர்ப் பயணம் ஆகியன இடையிடும். கூத்து மேடையில் கட்டியக்காரன் புதிதாக வரும் வேடத்தை நோக்கி யார், எங்கிருந்து வருகிறீர், வந்த காரணம் யாது எனக் கேட்கிறான். அவ்வினாக்களுக்கு வரும் விடைகள் பாத்திர அறிமுகமாக மட்டும் அமைவதில்லை. பாதி இரவில் விழித்தெழுந்த பார்வையாளர்க்கு அவை முன்கதைச் சுருக்கமாகவும் பயன்படுகின்றன. இடைவிட்ட பார்வையாளரை இயல்பானவராக ஏற்றுக்கொண்டு, அவருக்கென வடிவமைக்கப்பட்ட கலை இது எனலாம்.

அச்சுக்காலத் துப்பறியும் கதையும் முன்கதைச் சுருக்கமும்

தமிழில் துப்பறியும் புனைவின் தொடக்ககால எழுத்தாளருள் ஒருவரான ஆரணி குப்புசாமி முதலியாரின் பெயரிலுள்ள ஆரணி, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ‘ஆனந்தபோதினி’ இதழோடு நெருங்கிய தொடர்புடைய இவர், ஆங்கிலப் புனைவுகளைத் தமிழ்ச்சூழலுக்கேற்ப மாற்றி எழுதினார். இவரை அடுத்து ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் திரைப்படமாகவும் வெளிவந்தது. பின்னர்த் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் எனத் துப்பறிவாளர் வரிசை நீண்டது.

மொழிபெயர்ப்பும் தழுவலும் ஒருவகையில் மறுகூறலே. ஆங்கிலத்தில் படித்த ஒருவர், படிக்க இயலாதவர்க்குத் தம் ஊர்ப் பெயர்களோடு அக்கதையைச் சொல்வதாக ஆரணியாரின் பணியைக் கொள்ளலாம். அதே காலச்சூழலில் வளர்ந்த தொடர்கதை வடிவம் ‘முன்கதைச் சுருக்கம்’ என்னும் சிறு பகுதியைத் தமிழ் வாசகர்க்குப் பழக்கப்படுத்தியது. சென்ற இதழை வாங்காத வாசகரும் இந்த இதழிலிருந்து சேர்ந்துகொள்ள அது வழிசெய்தது.

இவ்விரு மறுகூறல்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அச்சிட்ட முன்கதைச் சுருக்கம் இதழின் அதிகாரத்தோடு வருவது. எது முதன்மை, எது விடத்தக்கது என்பதை ஆசிரியரே முடிவு செய்கிறார். வாய்மொழி மறுகூறலில் அம்முடிவைப் பார்வையாளர் எடுக்கிறார். ஆகவே பார்வையாளரின் மதிப்பீட்டை அறிய விழையும் ஆய்வாளர்க்கு இரண்டாவதே பயன்தருவது.

தொலைக்காட்சித் துப்பறிவாளர்

தேசிய ஒளிபரப்பின் வழியே தமிழகத்துக்கு வந்த துப்பறியும் தொடர்களுள் 1985இல் தொடங்கிய ‘கரம்சந்த்’, 1993இல் தொடங்கிய ‘வியோம்கேஷ் பக்ஷி’ ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கன. முன்னதில் பங்கஜ் கபூரும் பின்னதில் ரஜித் கபூரும் துப்பறிவாளராக நடித்தனர். பின்னது சரதிந்து பந்தோபாத்யாயவின் வங்கக் கதைகளைத் தழுவிப் பாசு சட்டர்ஜி இயக்கியது. இரண்டும் இந்தி மொழியில் அமைந்தவை. இந்தி அறியாத தமிழ்ப் பார்வையாளர் படத்தைக் கண்ணால் கண்டு, பொருளை அம்மொழி ஓரளவு அறிந்த ஒருவரின் வாய்வழிக் கேட்டே தொடர வேண்டியிருந்தது. மறுகூறல் இங்கு மொழிபெயர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

தமிழிலேயே இவ்வகைக்குப் பெரும் வரவேற்பைப் பெற்றுத் தந்தது ‘மர்மதேசம்’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பாக 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய தொடர்களை நாகா இயக்கினார். கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. ‘விடாது கருப்பு’ அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ நாவலை அடிப்படையாகக் கொண்டது. இதே எழுத்தாளரும் இயக்குநரும் இணைந்த ‘சிதம்பர ரகசியம்’ 2004 முதல் ஒளிபரப்பானது. நாடி சோதிடத்தையும் தொடர்கொலைகளையும் அது ஒன்றிணைத்தது.

இத்தொடர்கள் ஒளிபரப்பான காலத்தில் ஒரு பகுதியைத் தவறவிட்டவர் அதனை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு அரிது. இல்லத்தில் ஒளிப்பதிவுக் கருவி வைத்திருந்தோர் சிலரே. மின்தடை, கம்பிவடத் தடை, அண்டை வீட்டுத் தொலைக்காட்சியை நம்பியிருத்தல் ஆகியன எங்குமுள்ள காரணங்கள். கோயில்நகரமாகிய திருவண்ணாமலைக்கு மற்றொரு காரணமும் உண்டு. கார்த்திகைத் தீபத் திருவிழா, முழுநிலா நாள் கிரிவலம் ஆகியவற்றின்போது நகரின் வணிகரும் உணவகத்தாரும் ஊர்தி ஓட்டுநரும் இரவெல்லாம் வேலையில் இருப்பர். ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர்க்கு முழுநிலா இரவு தொடர் பார்க்கும் இரவாக இருக்க முடியாது. இந்நகரின் தொலைக்காட்சி நாட்காட்டி, திருவிழா நாட்காட்டியால் இடையறாது வெட்டப்பட்ட ஒன்று. இடைவிட்ட பார்வை இங்கு அக்கறையின்மையைக் காட்டுவதாகாது. தொழில்முறை வாழ்வின் விளைவாகவே அதனைக் கொள்ளல் தகும்.

மறுகூறல் செய்யும் மூன்று மாற்றங்கள்

தொலைக்காட்சிப் பகுதி ஒன்று வாய்மொழிக் கதையாகும்போது நேரத்தக்க மாற்றங்களை மூன்றாக வகுக்கலாம். அவை ஒழுங்குமாற்றம், விடுபாடு, உள்ளூர்ப்படுத்தல் என்பன.

முதலாவது ஒழுங்குமாற்றம். துப்பறியும் புனைவில் குற்றத்தின் கதை, புலனாய்வின் கதை என இரு கதைகள் உள்ளன என்பதைத் தொதோரவ் 1966இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். முதலாவது முன்பே நிகழ்ந்து முடிந்தது. இரண்டாவதன் வழியாகவே அது வெளிப்படும். ‘விடாது கருப்பு’ கடந்தகாலக் கிராம நிகழ்வுகளையும் நிகழ்காலத்தையும் மாறிமாறிக் காட்டியது. இதனை மற்றொருவருக்குச் சொல்பவர் அவ்வாறே முன்னும் பின்னுமாகச் சொல்லுதல் கடினம். அவர் நிகழ்வுகளைக் காலவரிசையில் அடுக்க முற்படுகிறார். அடுக்கும்போது எது எதற்குக் காரணம் என்பதைத் தாமே முடிவு செய்கிறார். இறுதிப் பகுதியில் துப்பறிவாளர் எல்லோரையும் கூட்டி வைத்துச் செய்யும் பணியை, ஒவ்வொரு வாரமும் சிறிய அளவில் அவர் செய்துவிடுகிறார். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளுள் பெரும்பாலானவற்றைக் கூறுபவர் ஹோம்ஸ் அல்லர், பாதி மட்டும் விளங்கிய வாட்சனே என்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாவது விடுபாடு. பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூலில், வட அமெரிக்கத் தொல்குடியினரின் ‘ஆவிகளின் போர்’ என்னும் கதையைக் கேம்பிரிட்ஜில் பலரிடம் படிக்கக் கொடுத்துத் திரும்பச் சொல்லச் செய்த சோதனைகளை விவரித்தார். மீண்டும் மீண்டும் கூறும்போது ஆவிகள் கதையிலிருந்து மறைந்தன. தோணி அவர்கள் அறிந்த படகாயிற்று. கேட்போரின் பண்பாட்டில் இடமில்லாதவை உதிர்ந்தன.

‘விடாது கருப்பு’ இதனை மறுதலையாக எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. குற்றம் செய்தவரைக் காவல்தெய்வமாகிய கருப்பு தண்டிக்கிறது என்னும் கிராம நம்பிக்கையில் தொடங்கி, அதற்குப் பின்னிருப்பது ஒருவரின் பிளவுபட்ட ஆளுமை என்னும் உளவியல் விளக்கத்தில் முடிவது அத்தொடர். ஆயினும் இன்று அதனை நினைவுகூர்வோர் முதலில் குறிப்பது பெரும்பாலும் குதிரையையும் கருப்பையும் அச்சத்தையுமே. காவல்தெய்வம் வாழும் ஊரில் உதிரக்கூடியது ஆவியாக இராது. மனநோய் விளக்கமாக இருத்தல் கூடும். அவ்வாறாயின் அதனை மறதி என ஒதுக்குதல் தகாது. தொடர் முன்வைத்த தீர்வைப் பார்வையாளர் எவ்வளவு ஏற்றனர் என்பதற்கு அதுவே அளவுகோல்.

மூன்றாவது உள்ளூர்ப்படுத்தல். ‘ரகசியம்’ தொடரில் சித்தர், நவபாடாண இலிங்கம், இரவில் தங்கக்கூடாத கோயில் ஆகியன இடம்பெற்றன. இடைக்காட்டுச் சித்தரின் சமாதித் தலமாகத் திருவண்ணாமலை மரபுவழி போற்றப்படுகிறது. மலையில் சித்தர் இன்றும் உலவுகின்றனர் என்னும் நம்பிக்கையும் உள்ளூரில் உண்டு. இத்தகைய ஊரில் அத்தொடரின் மறுகூறல் கதையாக மட்டும் நிற்றல் அரிது. ஊரைப் பற்றிய பேச்சாகவும் அது விரியும். ஆரணியார் இலண்டன் கதைகளுக்குச் செய்ததை, மறுகூறுபவர் தொலைக்காட்சிக் கதைக்குச் செய்கிறார்.

சான்றாகக் கொள்வதன் இடர்களும் பயனும்

இத்தகைய மறுகூறல் நம்பத்தக்கதா என்னும் வினா எழும். அதற்கு விடை, எதை அறிய விழைகிறோம் என்பதைப் பொறுத்தது. பகுதியில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய வேண்டின், ஒளிப்பதிவு கிடைக்குமிடத்து அதுவே முதற்சான்று. ‘மர்மதேசம்’ பகுதிகள் பிற்காலத்தில் யூடியூபில் வெளியிடப்பட்டமையால் ஒப்பீட்டுக்கு அவை உதவும். எல்லாத் தொடர்களும் அவ்வாறு கிடைப்பதில்லை. அயல்நாட்டு நிலையும் இதுவே. 1968இல் பீட்டர் குஷிங் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த பிபிசி தொடரின் 16 பகுதிகளுள் 6 மட்டுமே எஞ்சியுள்ளன. அதே நிறுவனத்தின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொடக்ககாலப் பகுதிகளின் படம் அழிந்துபோக, பார்வையாளர் தம் இல்லங்களில் பதிவுசெய்த ஒலிநாடாக்களால் அவற்றின் ஒலி மட்டும் தப்பியது. நிறுவனம் காக்கத் தவறியதைப் பார்வையாளர் காத்தனர்.

என்ன பொருள் கொள்ளப்பட்டது என்பதை அறிய வேண்டின், பிழையும் சான்றாகும். இத்தாலியின் தெர்னி நகரில் லுயிஜி திராஸ்துல்லி என்னும் உருக்காலைத் தொழிலாளி 1949இல் காவல்துறையினரால் கொல்லப்பட்டார். அவ்வூர்த் தொழிலாளர் பலர் அந்நிகழ்வை 1953ஆம் ஆண்டுப் பணிநீக்க எதிர்ப்புப் போராட்டத்தோடு இணைத்து நினைவுகூர்ந்ததை அலெசாந்திரோ போர்த்தெல்லி ஆராய்ந்தார். ஆண்டு தவறெனினும், அம்மரணத்தை எப்போராட்டத்தின் பகுதியாக அவர்கள் உணர்ந்தனர் என்பது அத்தவற்றால் விளங்கியது. தொலைக்காட்சி நினைவுக்கும் இம்முறை பொருந்தும்.

தமிழ்மொழியே இங்கு ஆய்வாளர்க்கு ஒரு கருவியைத் தருகிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவரும் அறிவர். தாம் கண்டதை முன்னதாலும் பிறர்வாய்க் கேட்டதைப் பின்னதாலும் கூறுதல் இயல்பு. ஆகவே ஒருவரின் மறுகூறலில் ‘ஆம்’ ஒட்டு எங்கெங்கு வருகிறது எனக் குறித்தால், அவர் பார்த்த பகுதி எது, கேட்டு நிரப்பிய பகுதி எது என்பதை உய்த்துணர வாய்ப்புண்டு. நாட்டார் கதைகூறலில் கதை முழுவதையும் ‘ஆம்’ போட்டுச் சொல்லும் வழக்கும் இருப்பதால் இதனைத் தனித்த ஆதாரமாகக் கொள்ளலாகாது. கதைநடையின் ‘ஆம்’ கூற்று முழுதும் சீராகப் பரவியிருக்கும்; கேள்விவழிச் செய்தியின் ‘ஆம்’ சில இடங்களில் தோன்றிச் சில இடங்களில் மறையும். இவ்வேறுபாடு பேச்சை எழுத்துவழக்குக்கு மாற்றிப் பதிப்பிக்கும் களப்பணி முறையால் அழிந்துவிடும் என்பதை வலியுறுத்த வேண்டியுள்ளது.

களப்பணிக்குரிய முன்மொழிவுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகளை முன்மொழியலாம். முதலில், பகுதியைத் திரையிட்டுக் காட்டுவதற்கு முன்னரே மறுகூறலைப் பதிவுசெய்தல் வேண்டும். காட்டியபின் கேட்பது நினைவைத் திருத்திவிடும். இரண்டாவதாக, யார் வீட்டில் பார்த்தார், தவறவிட்டதை யாரிடம் கேட்டார், யாருக்குச் சொன்னார் என்னும் வினாக்கள் கதை பற்றிய வினாக்களுக்கு இணையான இடம் பெறுதல் வேண்டும். மூன்றாவதாக, ஒட்டுகளும் தயக்கங்களும் தன்திருத்தங்களும் சிதையாமல் பேச்சுவழக்கிலேயே எழுத்துப்பெயர்ப்புச் செய்தல் வேண்டும். நான்காவதாக, ‘நான் சரியாகப் பார்க்கவில்லை’ என விலகுவோரை விட்டுவிடலாகாது. இவ்வாய்வுக்கு உரியவர் அவரே.

முடிவுரை

அச்சில் வந்த துப்பறியும் நாவல்களைத் தேடும் ஆய்வாளர்க்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்கள் உள்ளன. தனியார் தமிழ்த் தொலைக்காட்சியின் முதல் பத்தாண்டு ஒளிபரப்பைச் சென்று பார்க்கத்தக்க, அதற்கு இணையான பொதுக் காப்பகம் அமையவில்லை. 1990களில் நடுத்தர வயதினராக இருந்து இத்தொடர்களைப் பார்த்தோர் இன்று முதுமையில் உள்ளனர். ‘மர்மதேசம்’ கதைகளை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தார். படைத்தவர் தரப்புச் செய்திகள் நேர்காணல்களாகவும் நூல்களாகவும் ஓரளவு எஞ்சும்; பார்த்தவர் தரப்புக்கு அந்த உறுதி இல்லை.

செங்குட்டுவனின் அவையில் குறவர் கூறியது முழுக்கதையன்று. தாம் கண்ட அளவைத் தாம் கண்டவாறு சொன்னதே அவர்தம் கூற்றின் மதிப்பு. அதனைக் கேட்டறிய ஓர் அவை இருந்ததனால் அது நிலைத்தது. தொலைக்காட்சியின் இடைவிட்ட பார்வையாளர்க்கு அத்தகைய அவையை அமைத்தல் தமிழியல் துறைகளின் கடமையாகும். மாவட்டந்தோறும் உள்ள கல்லூரிகளின் முதுகலை மாணவர் தத்தம் ஊரில் சிலரது மறுகூறல்களை மேற்கூறிய முறையில் பதிவுசெய்தாலே அடிப்படைத் தொகுப்பு ஒன்று உருவாகிவிடும். அதனைத் தொடங்கத் தேவைப்படுவது ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையுமே.